சென்னிமலையின் இடது கை

செல்லோவில் விரல் வைக்காமல் அந்தச் சுரம் வராது.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம். சூலூரில் தறிகள் எல்லாம் நின்றுபோயிருந்தன. பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த காற்று தென்னை மட்டைகளை ஓட்டின் மேல் உரசி, ஜன்னல் கொக்கியை ஆட்டி, துணிக் கிளிப்புகளால் இறுக்கி வைத்திருந்த இசைத்தாள்களைப் படபடக்க வைத்துக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து காப்பி வாசனையும், வில்லுக்குத் தேய்க்கும் ரோசினின் பிசின் வாசனையும் ஒன்றாகக் கலந்து கூடத்தில் நின்றன. டெய்சி வியோலாவைத் தாடையில் அழுத்திக்கொண்டு, நால்வரும் வாசித்த இசையின், மெதுவாகப் போகும் இரண்டாம் பகுதியின் நடுவில் தனக்கு வரும் இடைவெளியில் காத்திருந்தாள். அப்போதுதான் பக்கத்தில் செல்லோவிலிருந்து எஃப் ஷார்ப் என்ற அந்தச் சுரம் வந்தது. தாழ்வாக, சுத்தமாக, விரல் நுனியைத் தந்தியில் அழுத்தி ஆட்டினால் மட்டுமே வரக்கூடிய நடுக்கத்தோடு.

அவள் திரும்பிப் பார்த்தாள். சென்னிமலை கண்களை மூடியிருந்தார். முழங்கால்களுக்கு நடுவே பெரிய வயலின்போல் நின்ற செல்லோ, வலது கையில் வில். இடது கை எப்போதும்போல வெள்ளைத் துண்டு சுற்றி மடியில் கிடந்தது.

விரலே படாமல் வில்லை இழுத்தால் செல்லோவில் நான்கு சுரங்கள்தான் வரும். அந்த நான்கில் எஃப் ஷார்ப் கிடையாது. சென்னிமலைக்கு இனி அந்த நான்குதான் என்பதை ஏற்றுக்கொண்டுதான் அவரை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். முதல் வயலின் வாசிக்கும் ஜெபமணியும், இரண்டாம் வயலின் சந்தியாகுவும் தாளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. காற்று ஏதோ செய்திருக்கும் என்று டெய்சி நினைத்துக்கொண்டாள். ஓட்டுச் சந்தில் காற்று புகுந்தால் அப்படியெல்லாம் ஊளையிடும்.

ஆனால் காற்றுக்கு விரல் நடுக்கம் வராது.

நால்வரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. யாருக்கும் இது பிழைப்பு இல்லை. ஜெபமணி பள்ளிக்கூட வாத்தியார். சந்தியாகு நூல் மில்லில் எலக்ட்ரீஷியன், எல்லோரையும்விட இளையவன். டெய்சி ஆஸ்பத்திரியில் அறுவை வார்டு நர்ஸ், சிங்காநல்லூரில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தாள். சென்னிமலைக்கு மோட்டார் பம்புகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் சொந்தப் பட்டறை. மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் படித்த காலத்தில் செல்லோ கற்றுக்கொண்ட கவுண்டர் வீட்டுப் பையன் என்று ஊரில் இன்னும் அவரை வேடிக்கையாகச் சொல்வார்கள். வீடு பெரியது, பிள்ளைகள் இல்லை. அதனால் ஞாயிறு தவறாமல் அங்கேதான் ஒத்திகை. அவர் மனைவி பழனாத்தாள் அடுப்படி வாசலில் நின்றபடியே முழுவதையும் கேட்பாள். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டாள்.

பங்குனி மாதத்தில் பட்டறையின் பவர் பிரஸ் சென்னிமலையின் இடது கையில் இறங்கியது. சுட்டு விரல், நடு விரல், மோதிர விரல். அடியோடு போயின. தகட்டுக் குவியலைக் கிளறிப் பார்த்தும் ஆட்களுக்கு ஒரு விரல்கூடக் கிடைக்கவில்லை. அந்தக் கைக்குத் தினமும் கட்டு மாற்றியவள் டெய்சிதான். தோலை இழுத்துத் தைத்திருந்த அந்த மூன்று மொட்டைகளும் அவளுக்கு மனப்பாடம்.

அவர் அழவில்லை. அதுதான் எல்லோரையும் உலுக்கியது. கட்டிலில் சாய்ந்து, "இனி நீங்க மூணு பேரும் வாசிங்க, நான் கேட்டுக்கறனுங்க," என்று மட்டும் சொன்னார். அதைத் தாங்க முடியாமல் ஜெபமணிதான் முதலில் சொன்னார், முடியுமானால் என் விரலையே கொடுத்துவிடுவேன் என்று. சந்தியாகுவும் சொன்னான். டெய்சியும் சொன்னாள். சென்னிமலை மூவரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பெரிய உபகாரமுங்க என்றார்.

எஃப் ஷார்ப் கேட்ட மறுவாரம் ஜெபமணியை வார்டில் கொண்டுவந்து போட்டார்கள். இடது கைச் சுட்டு விரல் இல்லை. புல்லட் வண்டியின் செயினைத் துடைக்கும்போது மாட்டிக்கொண்டது என்று அவர் மனைவி சொன்னாள். போர்ட்டிகோ முழுக்கத் தேடியும் விரல் கிடைக்கவில்லையாம்.

டெய்சி கட்டைப் பிரித்தபோது காயம் அவள் எதிர்பார்த்ததுபோல் இல்லை. ஓடுகிற செயின் வெட்டினால் ஒரே வெட்டு. இது பலமுறை மென்று துப்பியதுபோல் இருந்தது. எலும்பு நாலைந்து இடத்தில் நொறுங்கியிருந்தது. அவள் பஞ்சை மருந்தில் நனைத்துக்கொண்டே, வண்டியை ஓடவிட்டா துடைப்பார்கள் என்று மெல்லக் கடிந்துகொண்டாள்.

"வண்டி ஸ்டார்ட்லயே இல்லீங்க டெய்சி," என்றார் ஜெபமணி.

"பின்ன எப்படிங்ணா?"

"சக்கரத்த நானேதான் கையில சுத்துனேன். ஒருக்கா சுத்துனா போதலீங்க."

அவள் கையிலிருந்த இடுக்கி தட்டில் விழுந்தது. ஜெபமணி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அவர் குரலில் வலி இல்லை. கடமை முடிந்த ஆளின் அலுப்பு மட்டும் இருந்தது.

"அன்னிக்கு அந்தச் சுரத்துலயே கேட்டாருங்க. மரியாதையாத்தான் கேட்டாரு. எப்படி இல்லீங்கறது?"

யார் கேட்டது என்று டெய்சி கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஒத்திகைக்கு ஜெபமணியும் வந்தார். கட்டுப் போட்ட கையை மார்பில் தொங்கவிட்டு, வாசிக்காமல், தலையை ஆட்டித் தாளம் மட்டும் போட்டார். சென்னிமலையின் மடியில் துண்டு இருந்தது. ஆனால் அதன் வடிவம் மாறியிருந்தது. முன்பு முஷ்டிபோல் உருண்டையாக இருக்கும். இப்போது ஒரு பக்கம் கூம்பாக நீண்டிருந்தது. வாசிக்க ஆரம்பித்ததும் அறை இருண்டது. மேகம்தான். செல்லோ அந்த மங்கலில் அந்த நான்கையும் தாண்டி ஐந்து சுரம், ஏழு சுரம் என்று தன் பகுதியின் பாதியை வாசித்தது. சந்தியாகுவின் வில் தந்தியில் துள்ளியது. டெய்சி நிறுத்தவில்லை. நிறுத்தினால் தலை திருப்ப வேண்டியிருக்கும். தலை திருப்பினால் அந்தத் துண்டு மடியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

காப்பி கொண்டுவந்தபோது பழனாத்தாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சென்னிமலை மட்டும் சந்தியாகுவிடம், அவன் நடு விரல் எப்போதும் எவ்வளவு சுத்தமாக விழும் என்று பாராட்டிப் பேசிக்கொண்டிருந்தார். சந்தியாகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நடு விரலை மடக்கிக்கொண்டான்.

அன்றிரவே அவன் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, அன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான். டெய்சியிடம் அதைச் சொன்னவள் அவன் மனைவி. டெய்சி புதன்கிழமை காலை டூட்டி முடித்து, காந்திபுரத்தில் பஸ் ஏறினாள். போலீசுக்குப் போகலாமா என்று வழியெல்லாம் யோசித்தாள். போய் என்ன சொல்வது? அவர் கேட்டார், இவர் கொடுத்தார் என்றா?

தோட்டத்தில் அவன் அக்கா இல்லை, சந்தைக்குப் போயிருந்தாள். மாட்டுக் கொட்டகையின் நிழலில், தீவனத்துக்குச் சோளத்தட்டை நறுக்கும் கைச்சக்கர மெஷினுக்குப் பக்கத்தில் சந்தியாகு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். தாடி முளைத்து, கண்கள் குழிந்து, காதுகளில் பஞ்சை அடைத்துக்கொண்டு. சாணியும் பச்சைத் தட்டும் கலந்த இனிப்பான வாசனை. தூரத்தில் கிணற்று மோட்டார் ஒரே சீராக இரைந்தது. அவளைப் பார்த்ததும் பஞ்சை எடுத்துவிட்டு, இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, செல்லோ கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது என்றான்.

"ஆஸ்பத்திரியில நாம மூணு பேருமே சொன்னமுங்களே, அக்கா."

"அது ஆறுதலுக்குச் சொன்னது, சந்தியாகு. யாரா இருந்தாலும் சொல்றதுதான்."

"அவரு அப்படி எடுத்துக்கலீங்களே."

டெய்சி அவன் தோளைப் பிடித்து எழுப்பினாள். கேரளாவில் தனக்குத் தெரிந்த கான்வென்ட் இருக்கிறது, இன்றே போய்விடலாம் என்று சொன்னாள். அவன் குழந்தைபோலத் தலையாட்டினான். இரண்டடி நடந்தான். பிறகு நின்று, கழுத்தைச் சாய்த்தான்.

"கேக்குதுங்களா?"

அவளுக்குக் கேட்கவில்லை. மோட்டார் இரைச்சல். காக்கை. காற்று.

பிறகு வாசனை வந்தது. சாணிக்கும் தட்டுக்கும் நடுவே, மெல்லிய இழையாக. ரோசின்.

சந்தியாகு அவளைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் அந்த வெற்றிடத்தைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "வாரனுங்க. ஒரு நிமிசம்," என்றான்.

அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். சட்டை கிழிந்து கையோடு வந்தது. அவன் மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு நடு விரலை மட்டும் மெஷினின் வாய்க்குள் நீட்டினான். வலது கையால் சக்கரத்தை இழுத்தான். கத்தி எலும்பில் சிக்கி நின்றது. அவன் அலறினான். அலறிக்கொண்டே சக்கரத்தைப் பின்னால் தள்ளினான். மறுபடி இழுத்தான். மறுபடி. டெய்சி அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தாள். சூடாக அவள் முகத்தில் தெறித்தது. கண்ணில் விழுந்தது. உதட்டில் உப்புக் கரித்தது. நான்காவது சுற்றில் சக்கரம் சிக்காமல் சுழன்றது. இருவரும் தட்டுக் குவியலில் மல்லாந்து விழுந்தார்கள்.

பழக்கம் அவள் கைகளை ஓட்டியது. தாவணித் துணியொன்றைக் கொடியிலிருந்து உருவி மணிக்கட்டில் இறுக்கினாள். விரலை எடுத்தால் தைத்துவிடலாம். மண்டியிட்டு மெஷினின் அடியைக் கிளறினாள். நறுக்கிய தட்டு. ரத்தம். ரத்தத்தில் ஊறிய தட்டு. கோழிகள் பக்கத்தில் இல்லை. நாய் இல்லை.

விரல் இல்லை.

சந்தியாகு வானத்தைப் பார்த்தபடி மூச்சுவாங்கினான். முகத்தில் அந்த அலுப்பு வந்துவிட்டிருந்தது. ஜெபமணியின் அலுப்பு.

அவனை அன்னூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வீடு திரும்பிய டெய்சி அன்று தூங்கவில்லை. தன் இடது கையை விளக்கின் கீழ் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னிமலைக்குச் சுட்டு விரல் கிடைத்துவிட்டது. நடு விரல் கிடைத்துவிட்டது. தன் மோதிர விரலின் நுனியில், இத்தனை வருடம் தந்தியை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன தோலைத் தடவினாள். ஓடினால் வாசனை பின்னால் வரும். அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஓடக்கூடாது. அந்த செல்லோ இருக்கிறவரைதானே அவருக்கு விரல் வேண்டும்?

விடிந்ததும் விறகு வெட்டும் இடத்திலிருந்து வீட்டு ஓனரின் பெரிய சுத்தியலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். சென்னிமலை பட்டறையில் இருக்கும் நேரம் பார்த்து, சூலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

வேலை நாள். தெரு முழுக்கத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தடக் தடக் தடக் என்று ஆயிரம் கால்கள் ஒரே இடத்தில் மிதிப்பதுபோல. நின்றிருந்த தரை அதிர்ந்தது. பல் அதிர்ந்தது. இந்தச் சத்தத்தில் எதை உடைத்தாலும் யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டே கதவைத் தட்டினாள்.

பழனாத்தாள் திறந்தாள். கூடத்தில் அரிவாள்மணையை முன்னால் வைத்துக்கொண்டு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். டெய்சியின் பையிலிருந்து எட்டிப் பார்த்த சுத்தியல் பிடியைப் பார்த்தாள். வழிவிட்டு ஒதுங்கினாள்.

"அவரு யாருகிட்டயும் புடுங்கறதில்லீங்க அம்மணி," என்று முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "கேக்கறாரு. அவ்வளவுதான். நாமதான் குடுத்துப்போடறோம்."

செல்லோ மூலையில் சாய்ந்திருந்தது. டெய்சி யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் அடியில் அதன் முன்பலகை வாய் பிளந்தது. உள்ளிருந்து பெருமூச்சுபோல் ஒரு சத்தம் வந்தது. இரண்டாவது அடியில் தந்திகளைத் தாங்கும் மரப் பாலம் தெறித்தது. அதன் கழுத்தைக் காலால் மிதித்துக்கொண்டு, சுத்தியலைத் தலைக்கு மேலே தூக்கி, பல்லைக் கடித்து, அழுதுகொண்டே அடித்தாள். அடித்தாள். அடித்தாள். விலா உடைவதுபோல் பக்கப் பலகைகள் உடைந்தன. சிராய்கள் முழங்காலில் குத்தின. தந்திகள் மட்டும் அறாமல் சுருண்டு கிடந்தன.

அவள் நிமிர்ந்தபோது சென்னிமலை வாசலில் நின்றிருந்தார்.

எப்போது வந்தார் என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உடைந்த மரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மரச் சில்லை எடுத்துத் தடவிப் பார்த்தார். கோபம் இல்லை. "கோவமில்லீங்க அம்மணி. நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் பண்ணிப்போட்டீங்க," என்றார்.

தந்திகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க அவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. இடது கையைச் சுற்றியிருந்த துண்டை உருவிக் கீழே போட்டார்.

சுட்டு விரல் அவருடையதைவிடக் கறுப்பு. நகத்துக்குள் செயின் கிரீஸ். நடு விரல் ஒல்லியாக, நீளமாக, பீடிக் கறையோடு. இரண்டும் மடங்கின. நீண்டன. தந்தியின் முடிச்சைப் பதமாகப் பிரித்தன. அவற்றுக்கு அடுத்த இடத்தில் அவள் கட்டு மாற்றிய மொட்டை. அதற்குப் பக்கத்தில் அவருடைய சொந்தச் சுண்டு விரல்.

தந்திகளை முறுக்கும் நான்கு மரப் பிருடைகளையும் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு டெய்சியை நோக்கிக் கையை நீட்டினார்.

"அந்தச் சுத்தியலக் கொஞ்சம் குடுங்க."

கொடுக்கக்கூடாது. கொடுக்கக்கூடாது. அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். சுத்தியல் அவர் கையில் இருந்தது.

"பழனாத்தா, கொஞ்சம் வாரயா?" என்று கூப்பிட்டார்.

பழனாத்தாள் அடுப்படிக்குப் போய் அடுப்பை அணைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முழங்கால்களுக்கு நடுவே, அவர் மேல் முதுகு சாய்த்து, டெய்சியைப் பார்த்தபடி அவள் தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் டெய்சியின் முன் அவள் உட்கார்ந்தது இதுதான் முதல் முறை. கொண்டையை அவிழ்த்து ஒரு பக்கமாக ஒதுக்கினாள். கழுத்தை நீட்டினாள்.

முதல் பிருடை காதுக்குக் கீழே. தறிகள் தடக் தடக் என்றன. சுத்தியல் அவற்றோடு சேர்ந்து இறங்கியது. இரண்டாவது, மறுபக்கம். மூன்றாவது கழுத்தெலும்பில் இறங்க மறுத்தது. அவர் பொறுமையாக இடம் மாற்றி அடித்தார். எலும்பு விட்டுக்கொடுக்கும் சத்தம். நான்காவது. பழனாத்தாளின் பாதங்கள் தரையை உதைத்தன, பிறகு ஓய்ந்தன. சேலை நனைந்து கறுத்தது. டெய்சியின் வாய் திறந்தே இருந்தது.

தந்திகளைத் தொண்டை மேலாக இழுத்து விலாவுக்குக் கீழே முடிந்தார். பிருடைகளைத் திருகினார். திருகத் திருக அவள் தலை பின்னால் சாய்ந்தது. கண் மூடவில்லை.

அவர் வில்லை எடுத்தார்.

இரண்டாம் பகுதி. மெதுவாக. பழனாத்தாளின் மார்புக்கூட்டுக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தை டெய்சி வாழ்நாளில் கேட்டதில்லை. மரம் இதைத் தராது. அது டெய்சியின் கண்ணிலிருந்து தண்ணீரை இழுத்தது. வெளியே தறிச் சத்தம் காணாமல் போயிற்று. அவ்வளவு அழகு.

பிறகு அந்த இடம் வந்தது. மூன்றாவது விரல் விழ வேண்டிய இடம். மொட்டை தந்தியில் வழுக்கியது. சுரம் கீறிக்கொண்டு வெளியே வந்தது.

அவர் நிறுத்தினார். முதலிலிருந்து தொடங்கினார். அதே இடம். அதே கீறல். டெய்சியின் பற்கள் கூசின.

மறுபடி. கீறல்.

அவர் வில்லை உயர்த்தியபடி நிறுத்தி, டெய்சியை நிமிர்ந்து பார்த்தார். கேட்பதுபோல் தலையை லேசாகத் தாழ்த்தினார். மிகுந்த மரியாதையோடு.

டெய்சி கீழே பார்த்தாள். அவள் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள்? மணைப் பலகையை வலது காலால் மிதித்தபடி, முன்னால் அரிவாள்மணை. அலகில் அவரைக்காய்த் தோல் ஒட்டியிருந்தது. அதை அவள் புறங்கையால் சுத்தமாகத் துடைத்துவிட்டாள்.

எதிரே பழனாத்தாளின் கண்கள் அவள் முகத்திலிருந்து மெல்ல இறங்கின. அவளுடைய இடது கையில் வந்து நின்றன. இமைக்காமல் காத்திருந்தன.